இடம் மாறிய குச்சிகள்

அத்தியாயம் 19

போன வாரம் நெவேனாவை மலைப் புல்வெளியில் கையில் ஒரு சுத்தியலோடு தனியாக விட்டுவிட்டு வந்துவிட்டோம். அவள் அங்கே என்னதான் செய்தாள் என்று கேட்டுப் பலர் எழுதியிருக்கிறீர்கள். சொல்கிறேன். தான் செய்தது கெட்டிக்காரத்தனம் என்று மூன்று வாரமாக நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த நினைப்பு இன்றைக்கு மத்தியானம் வரைக்கும்தான் தாங்கியது.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நெவேனா எங்கள் ஊர் யாங்கோவின் மருமகள். ரீலா மலை அடிவாரத்தில் இருக்கும் தாவர ஆய்வுக்கூடத்தில் வேலை. யாங்கோ நாற்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவி இல்லாதவர். அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் ஸ்பாஸ்கா, இளையவன் ஓக்னியன். ஓக்னியன்தான் நெவேனாவின் கணவன்.

தின்த்யாவா என்று நாங்கள் சொல்லும் மஞ்சள் பூச்செடி அழிந்துபோகாமல் பார்த்துக்கொள்வது ஆறு வருடமாக நெவேனாவின் வேலை. வேலை என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். அதன் வேர், நிலவேம்பு தோற்றுப்போகிற கசப்பு. வயிற்றுக்கு நல்லது என்று ராக்கியாச் சாராயத்தில் ஊறவைத்து ஆளாளுக்குக் குடித்தார்கள். மலையில் இருந்ததையெல்லாம் தோண்டி விற்றும் தீர்த்தார்கள். செடி பூக்கவே எட்டு, பத்து வருடம் எடுத்துக்கொள்ளும். தோண்டுகிறவனுக்குப் பத்து நிமிடம் போதும்.

கடைசியில் ஒரு சரிவில் பன்னிரண்டு செடிகள் மிஞ்சியிருந்தன. நெவேனா அவற்றின் குருத்து நுனிகளைக் கிள்ளி வந்து, கண்ணாடிக் குப்பிகளில் வளர்த்து, செயற்கை விதைகள் செய்தாள். அடுத்த வருடமே அந்தப் பன்னிரண்டையும் யாரோ தோண்டிக்கொண்டு போய்விட்டார்கள். தாய்ச் செடி ஒன்றுகூட இல்லை. விதைகளில் இருந்து வந்த அறுபது கன்றுகளைத்தான் மேலே புல்வெளியில் நட்டாள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓக் மரக் குச்சி ஒன்றை அடித்து, தகரத் துண்டில் தன் கையால் எண் பொறித்துக் கட்டினாள்.

போன இலையுதிர் காலத்தில் திருடர்களுக்கு அந்தக் குச்சிகளே வழி காட்டின. பத்தொன்பது செடிகள் போயின. குச்சியை அப்படியே விட்டுவிட்டு அதன் காலடியில் குழி தோண்டியிருந்தார்கள். அன்றைக்கு அவள் அழுத அழுகையைத்தான் பதினான்காம் அத்தியாயத்தில் பார்த்தோம்.

அதனால்தான் மூன்று வாரத்துக்கு முன் சுத்தியலோடு போனாள். மிச்சமிருந்த நாற்பத்தொரு குச்சிகளையும் பிடுங்கினாள். இருநூறு அடி கீழே இறங்கி, செமெரிகா மண்டிக் கிடந்த பள்ளத்தில் ஒரு செடிக்கு ஒரு குச்சியாக அடித்துவிட்டு வந்தாள்.

செமெரிகா விஷம். பூக்காத பருவத்தில் அதுவும் தின்த்யாவாவும் பார்க்க அக்கா தங்கை. தின்த்யாவாவில் இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக வரும், செமெரிகாவில் ஒன்றொன்றாகச் சுற்றி ஏறும். வித்தியாசம் அவ்வளவுதான். திருடன் குச்சியைப் பார்த்து விஷத்தைத் தோண்டுவான், வியாபாரி அதைப் பார்த்து அவன் முகத்தில் வீசுவான், அப்புறம் ஒருத்தனும் வரமாட்டான் என்பது அவள் கணக்கு. வியாபாரி கண்டுபிடிக்காமல் யாராவது குடித்துவிட்டால் என்ற நினைப்பும் வந்தது. வரவில்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். அதை ஓரமாகத் தள்ளிவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டாள். ஒருவரிடமும் சொல்லவில்லை.

இன்று ஜூன் இருபத்து நான்கு. என்யோவ்தென். சூரியன் வருவதற்கு முன் பறித்த மூலிகைக்கு வருடத்தில் வேறெந்த நாளிலும் இல்லாத வீரியம் என்று ஊரே நம்புகிற நாள். யாங்கோ என்ற பெயர் வைத்தவர்கள் பிறந்த நாள் மாதிரி கொண்டாடும் பெயர் நாளும் இதுதான். பெயர் நாளுக்கு யாரையும் அழைக்கும் வழக்கம் எங்களிடம் கிடையாது. கதவைத் திறந்து வைத்தால் வந்துவிடுவார்கள்.

விருந்து மத்தியானம்தான். நெவேனா காலையிலேயே ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டாள். நேற்று நறுக்கிய குருத்துகள் பெயர் நாளுக்காகக் காத்திருக்காது.

அந்த வேலையை ஒருதரம் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். கடற்பாசியில் இருந்து எடுத்த பசையில் கடுகளவு குருத்து ஒன்றைப் போட்டு, குழாயால் உறிஞ்சி, கால்சியம் உப்புக் கரைத்த தண்ணீரில் சொட்டவேண்டும். விழுந்த சொட்டு அப்படியே உருண்டை பிடிக்கும். அரை மணி நேரத்தில் வேகவைத்த ஜவ்வரிசி மாதிரி இறுகிவிடும். உள்ளே பச்சையாக ஒரு புள்ளி தெரியும். அலசி, மூடி, குளிர்பெட்டியில் வைத்தால் மாதக்கணக்கில் தூங்கும். வேண்டும்போது எடுத்து விதைத்துக்கொள்ளலாம். மாமனார் யாங்கோ அதற்கு மீன் முட்டை என்று பெயர் வைத்திருந்தார். விருந்தாளிகள் வந்தால் போதும், எங்கள் வீட்டு மருமகள் மீன் முட்டை போட்டுச் செடி வளர்க்கிறாள் என்று ஆரம்பித்துவிடுவார்.

இன்று நூற்றுப் பன்னிரண்டு உருண்டைகள் தேறின. அவள் சந்தோஷமாகக் கையைக் கழுவிக்கொண்டு, வழியில் கேக் வாங்கிக்கொண்டு, பன்னிரண்டே காலுக்கு வீட்டு வாசலில் காரை நிறுத்தினாள்.

முற்றத்தில் திராட்சைப் பந்தலுக்குக் கீழே மேஜை போட்டிருந்தது. ஓக்னியன் அடுப்பில் கெபாப்சே என்ற கொத்துக்கறித் துண்டுகளைச் சுட்டுக்கொண்டிருந்தான். ஸ்பாஸ்கா விடியற்காலையில் பறித்து வந்த பூக்களைக் கட்டி வாசலில் தொங்கவிட்டிருந்தாள். பக்கத்து வீட்டு ராங்கெல் மட்டும்தான் அதுவரை வந்திருந்த விருந்தாளி. சாப்பாட்டு விஷயத்தில் அவரை யாரும் முந்தியதில்லை.

மேஜையின் நடுவில் ஒரு ராக்கியா பாட்டில். அதற்குள் நறுக்கிய வேர்த் துண்டுகள். பாட்டில் பக்கத்தில், மண்ணைக்கூடத் துடைக்காமல், ஓக் மரக் குச்சி ஒன்று கிடந்தது. தகரத்தில் பதினேழு என்று அவள் கையெழுத்து.

நெவேனாவுக்கு முதலில் எதுவும் புரியவில்லை. பிறகு புரிந்தது. கேக் பெட்டியை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

யாங்கோ புதுச் சட்டையில் எழுந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

“வாம்மா, வா. நான் உன்னை எத்தனை நாள் கேலி பண்ணியிருப்பேன். இன்னிக்கு வர்றவன் போறவன் அத்தனை பேர் முன்னாடியும் வாபஸ் வாங்கிக்கறேன். உன் மீன் முட்டை வேர் விட்டிருக்கு பாரு, என் கட்டைவிரல் தண்டிக்கு.”

விடிவதற்கு முன்னால் ஸ்பாஸ்காவைக் கூட்டிக்கொண்டு மேலே போனாராம். அவள் பூப் பறிக்க, அவர் டார்ச் அடித்து மருமகளின் குச்சியைத் தேடிக் கண்டுபிடித்தாராம். கேட்டால் தரமாட்டாள் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. நாற்பத்தொரு செடியில் ஒன்று குறைந்தால் மலை இடிந்துவிடாது. என்யோவ்தென் அன்றைக்கு எடுத்த வேர், அதுவும் மருமகள் முளைக்கவைத்த வேர், தன் பெயர் நாளில் அதைக் குடிக்காமல் வேறு எதைக் குடிப்பது? இதையெல்லாம் அவர் மூச்சு விடாமல் சொன்னார். நடுவில் இரண்டு தடவை நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“நாக்கே மரத்துப் போச்சும்மா. அவ்வளவு வீரியம்” என்றார்.

“எத்தனை கிளாஸ் குடிச்சீங்க, மாமா?”

“ரெண்டு. ராங்கெல் ஒண்ணு. ருசி புடிக்கலையாம் ஐயாவுக்கு.”

“எப்ப?”

“பதினொண்ணு, பதினொண்ணரை இருக்கும். ஏம்மா?”

நெவேனா பாட்டிலை எடுத்தாள். துண்டுகள் உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தன. தின்த்யாவா வேரை நறுக்கினால் உள்ளே மஞ்சள். அவள் பாட்டிலை இரண்டு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொண்டு, இது தின்த்யாவா இல்லை, செமெரிகா என்று சொன்னாள். குரல் வெளியே வந்ததா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. ராங்கெலின் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டாள்.

ஓக்னியன் இடுக்கியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தான்.

“அதெப்படி? உன் குச்சிதானே இது? நீதானே நட்டே?”

இந்த இடத்தில் அவள் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். எனக்கு இன்னும் அவள்மேல் ஆத்திரம் தீரவில்லை. ஆனால் அவள் நின்ற இடத்தில் நின்று பார்த்தால், நாற்பத்தொரு செடியும், ஆறு வருடமும், போலீஸும், கணவனின் முகமும் ஒரே சமயத்தில் வந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்தன. பயம்தான் வாயைத் திறந்தது.

“இருட்டுல மாமா பக்கத்துச் செடியைத் தோண்டியிருக்கார். குச்சிக்குக் கிட்டயே செமெரிகாவும் மொளைக்கும்.”

யாங்கோ சிரிப்பை நிறுத்தவில்லை. அது அப்படியே முகத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் குச்சியைத் தொட்டுக்கொண்டுதானே தோண்டினேன் என்று முனகினார். பிறகு, இல்லை போலிருக்கிறது, கண் போய்விட்டது போலிருக்கிறது என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

ராங்கெல் வேலி ஓரமாகப் போய்க் குனிந்தார். குடித்தது கொஞ்சம், அதையும் அப்போதே வெளியே தள்ளிவிட்டார். யாங்கோவுக்கு அப்படி நடக்கவில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் வெளுத்துக்கொண்டே போனார். வாயோரம் எச்சில் வடிந்தது. வாந்தி வந்தபோது நிமிரக்கூட முடியவில்லை. ஓக்னியன் அவர் தலையைத் தாங்கிக்கொண்டான். நெவேனா மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவே இவ்வளவு நேரம் ஒரு மனித உடம்பில் இருக்க முடியும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. ஒவ்வொரு முறையும் இதுதான் கடைசி என்று நினைத்தாள். அடுத்தது வந்தது.

ஆம்புலன்ஸ் வர இருபத்திரண்டு நிமிடம் ஆனது. செமெரிகா, பச்சை வேர், ராக்கியாவில் ஊறியது, இரண்டு கிளாஸ், பதினொன்றரை மணி. இவ்வளவையும் அவள் தடுமாறாமல் சொன்னாள். வந்த ஆள் ஊசியைத் தயார் செய்துகொண்டே, இவ்வளவு தெளிவாகச் சொல்கிறவர்கள் அபூர்வம் என்று பாராட்டினான். 

நகரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் தோதேவா என்ற குட்டையான பெண்மணி பொறுப்பில் இருந்தார். அவர் யாருக்கும் ஆறுதல் சொல்கிற ரகம் இல்லை. நாடித் துடிப்பு முப்பத்தாறு என்றார். மருந்து ஏற்றிவிட்டு, அது ஏறுகிறதா பார்க்கவேண்டும், அதற்கு மேல் இப்போது கேட்காதீர்கள் என்றார். ராங்கெலைப் பக்கத்து அறையில் படுக்கவைத்தார்கள். அங்கேயிருந்து அவர் பசிக்கிறது என்று சொன்னது கேட்டபோதுதான் அவர் பிழைத்தார் என்று எல்லோருக்கும் நிச்சயமானது.

நடைபாதையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். ஸ்பாஸ்கா பின்னாலேயே டாக்ஸியில் வந்து சேர்ந்திருந்தாள். ஓக்னியன் மனைவியின் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டான். நீ மட்டும் பார்க்காமல் இருந்திருந்தால் வெயில் தாங்கவில்லை என்று உள்ளே படுக்கவைத்திருப்போம், தூங்கட்டும் என்று விட்டிருப்போம் என்றான். அவன் கை வெதுவெதுப்பாக இருந்தது. அதை உதறிவிட்டு ஓடவேண்டும் போல இருந்தது அவளுக்கு.

இரண்டு மணிக்கு டாக்டர் ஒரு தாளோடு வந்தார். விஷம் என்றால் எழுதித்தான் ஆகவேண்டும். வேர் எங்கே எடுத்தது, யார் எடுத்தது என்று கேட்டார். ஓக்னியன் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்.

“அந்த எடத்துல வேற யாராவது தோண்டினாங்களா?”

கேள்வி நெவேனாவைப் பார்த்து வந்தது. செடிக்காரி அவள்தானே.

“இல்லை, டாக்டர்.”

ஸ்பாஸ்கா அப்போது அங்கே இல்லை. மகளோடு போனில் பேச வாசலுக்குப் போயிருந்தாள். டாக்டர் தாளில் கடைசி வரியை எழுதினார். நெவேனா தலைகீழாகவே அதைப் படித்துவிட்டாள். முதியவர் இருட்டில் செடியை அடையாளம் காணத் தவறிவிட்டார்.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்பு நாடி ஐம்பத்தெட்டுக்கு வந்தது. உள்ளே வந்து பார்க்கலாம், ஆனால் பேசவிடாதீர்கள் என்றார்கள். யாங்கோவைப் பேசவிடாமல் செய்ய இதுவரை யாராலும் முடிந்ததில்லை. மார்பில் ஒயர்களோடு சுருங்கிக் கிடந்தவர், மகனைக் கிட்டே வரச்சொன்னார்.

“கார் சாவியை எடுத்து வெச்சுக்கடா. இனிமே நான் கேட்டாலும் குடுக்காதே.”

“அப்பா, சும்மா இரு.”

“குச்சி எது, செடி எதுன்னு தெரியாதவன் ரோட்டுல போகக் கூடாது. நாப்பது வருஷம் ஒரு நாய்மேல கூட ஏத்தினதில்ல. அந்தப் பேரோட விட்டுடறேன்.”

சொல்லிவிட்டு மருமகளைப் பார்த்தார். மன்னித்துவிடும்மா, உன் பெயரையும் கெடுத்திருப்பேன், ராங்கெல் செத்திருந்தால் ஊரே உன் செடியைத்தான் சொல்லியிருக்கும் என்றார். கண்ணோரம் ஈரம். அதைத் துடைக்கக் கையைத் தூக்கினார், ஊசி போட்ட கை தூக்க வரவில்லை.

நெவேனாதான் துடைத்தாள். இப்போது சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று இடித்தது. பிழைத்துவிட்டாரே, இனி எதற்கு என்று இன்னொன்று இழுத்தது. நாளைக்கு விடியுமுன் போய்க் குச்சிகளையெல்லாம் பிடுங்கி எரித்துவிடலாம். இனி யாருக்கும் எதுவும் ஆகாது. யாருக்கும் தெரியவும் தெரியாது. கொஞ்சம் மூச்சு வந்தது அவளுக்கு.

ஸ்பாஸ்கா அப்பாவின் போர்வையைச் சரிசெய்தாள். அவரைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டுதான் பேசினாள், பாவம்.

“விடுப்பா. இருட்டு, யாருக்குத்தான் தெரியும்? என் அதிர்ஷ்டம், நான் விடிஞ்சப்புறம் தோண்டினேன். குச்சி வேர்லயே குத்திட்டு நின்னுச்சு. அதனால தப்பிச்சேன்.”

நெவேனா மெல்லத் திரும்பினாள்.

“நீங்களும் தோண்டினீங்களா, அண்ணி?”

ஸ்பாஸ்காவுக்கு முகம் சுருங்கியது. உன்னைக் கேட்காமல் செய்தது தப்புத்தான் என்றாள். அப்பா ஒன்று எடுத்தார், நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன், சின்ன வேர்தான். பில்யானாவுக்காக. பில்யானா அவளுடைய ஒரே மகள், தலைநகரத்தில் சட்டம் படிக்கிறாள். பரீட்சை என்றால் அவளுக்குச் சோறு தண்ணி இறங்காது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விடுவாள். நாளைக்குப் பரீட்சை. அதனால் காலையிலேயே வேரைக் கொதிக்கவைத்துத் தேன் கலந்து தெர்மாஸில் ஊற்றிக் கொடுத்தேன். வழியில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொன்னேன். இரண்டு மணி பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

“இப்பக் கூட போன்ல பயந்தா. தாத்தாவுக்கு இப்படி ஆயிருக்கே, இதைக் குடிக்கலாமாம்மான்னு கேட்டா. நான்தான் சொன்னேன், நெவேனா மாமி சொல்லிட்டா, தாத்தா தோண்டினது குச்சியைத் தள்ளி, நம்மளது குச்சியை ஒட்டி, தைரியமாக் குடின்னு.”



பயத்தில் பல வகை உண்டு. மத்தியானத்தில் இருந்து நெவேனா பட்டதெல்லாம் தனக்காகப் பட்ட பயமும் சேர்ந்தது. இது அப்படி இல்லை. இதில் அவள் இல்லவே இல்லை. பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு தெர்மாஸ் மூடியைத் திருகும் ஒரு பத்தொன்பது வயதுப் பெண் மட்டுமே இருந்தாள்.

“போன் பண்ணுங்க அண்ணி. குடிக்க வேண்டாம்னு சொல்லுங்க. இப்பவே.”

“ஏன்? நான் குச்சியை ஒட்டி...”

“எல்லாக் குச்சியும் செமெரிகாகிட்டதான் இருக்கு. நாப்பத்தொண்ணும். திருடனுங்களை ஏமாத்த நான்தான் புடுங்கி அங்க நட்டேன். மாமா தப்பாத் தோண்டல. சரியாத்தான் தோண்டினார்.”

ஸ்பாஸ்கா அவளையே பார்த்தபடி கைப்பையைத் துழாவினாள். போன் கையில் வந்தது, விழுந்தது, மறுபடி எடுத்தாள். அழுத்தினாள். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. திரும்ப அழுத்தினாள். எடுக்கவில்லை.

ஓக்னியன் மனைவிக்கு நேராக வந்து நின்றான். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குத் தாங்கிக்கொள்ளச் சுலபமாக இருந்திருக்கும்.

“தெரிஞ்சேதான் அப்பா கண்ணுமேல பழியைப் போட்டியா?”

அவள் தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள். எங்கள் ஊரில் ஆமாம் என்றால் அப்படித்தான்.

யாங்கோ எழுந்து உட்காரப் பார்த்தார். ஒயர் ஒன்று கழன்று நாடி காட்டும் இயந்திரம் கூவியது. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. மருமகள் பக்கம் திரும்பவும் இல்லை.

“ரெண்டு மணி பஸ்ஸை ஸ்தோயில்தான் ஓட்டறான். என் போன்ல நம்பர் இருக்கு. மணி அடிச்சா எடுக்கமாட்டான், விடாம அடி. மூணாவது தடவை எடுப்பான்.”

மூன்றாவது தடவை எடுத்தான். ஸ்பாஸ்காவுக்கு வார்த்தை கோர்வையாக வரவில்லை. ஓக்னியன் போனை வாங்கி, பில்யானாவின் பெயர், நீல நிறப் பை, குட்டை முடி என்று அடையாளம் சொன்னான். இன்ஜின் இரைச்சலுக்கு நடுவே ஸ்தோயிலின் குரல் எல்லோருக்கும் கேட்டது. ஜன்னலோரமா, யாங்கோ பேத்திதானே, தெரியுமே என்றான். கண்ணாடியில் பார்க்கிறேன் என்றான்.

“நல்லாத் தூங்குது பொண்ணு. ஊர் தாண்டினதும் சாஞ்சது, இன்னும் எந்திரிக்கல. என்ன விஷயம்?”

ஓக்னியன் விஷயத்தைச் சொன்னான். வண்டியை ஓரம் கட்டு, எழுப்பு, மூச்சு இருக்கிறதா பார் என்று சொன்னபோது அவன் குரல் உடைந்துபோனது. டாக்டர் தோதேவா எப்போது உள்ளே வந்தாரோ தெரியவில்லை, வேறொரு போனில் ஆம்புலன்ஸ்காரர்களிடம் சாலையின் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஸ்பாஸ்கா தம்பியின் கையில் இருந்து போனைப் பிடுங்கினாள். தன் காதில் வைத்துக்கொள்வாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் அதை நெவேனாவிடம் நீட்டினாள்.

“என்னால கேட்க முடியாது. நீயே கேளு. நீயே கேட்டுச் சொல்லு எனக்கு.”

நெவேனா போனைக் காதில் வைத்துக்கொண்டாள். பஸ் நின்றது. இன்ஜின் அணைந்தது. யாரோ ஒரு பயணி ஏன் நிறுத்தினாய் என்று கேட்டார். செருப்புச் சத்தம் பஸ்ஸின் பின்பக்கமாகப் போனது. ஸ்தோயில் பெண்ணின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். சற்றுப் பொறுத்து இன்னொரு தடவை கூப்பிட்டான், இந்தத் தடவை சத்தமாக.